தங்கை திட்டாமல் விட்ட ஒரே ஆள்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஜோடி காதடைப்பான் கிடக்கிறது. ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டு, நடுவே நீலக் கயிறு. ஆந்திர எல்லைக்குள் வரதய்யபாளையம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் நிற்பவர்களுக்குக் கொடுப்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் தங்கை அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “வெச்சுக்கக்கா. ஊட்ல எல்லாரும் கத்திக்கினே இருந்தா நீ எப்படிப் படிப்ப?” என்றாள். கேலியா அக்கறையா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். திருப்பதியில் விடுதியில் தங்கி எம்.ஏ. வரை போனேன். ஊருக்கு வந்தால் எனக்குத் தனித் தட்டு, ஜன்னலோர இடம். நைனா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் என் படிப்பைச் சொல்வார். தங்கை பத்தாவதில் தவறினாள். சுற்றிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. பதினெட்டு முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்கள் இருவருக்கும் உரிய இடங்கள் முடிவாகிவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன்.

பிரஸ் மிஷின் மூன்று அடி அடித்து ஒரு மூச்சு விடும், அதற்குக் கால் சும்மா இருக்காது என்பாள் தங்கை. அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்தாள். அவளோடு வேலை செய்த இரண்டு பையன்களும், அசாமிலிருந்து வந்திருந்த ஒரு வெல்டரும் சேர்ந்துகொண்டார்கள். காலி ஆயில் பீப்பாய், தகரத் தகடு, பழைய லேப்டாப் ஒன்று, இவைதான் வாத்தியம். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கிழிந்த யூனிஃபார்மில் நின்று, தங்கை பாடமாட்டாள், திட்டுவாள். கேட்டவர்கள் ஆடினார்கள். கம்பெனி ஆண்டு விழாவில் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லி அவள் திட்ட, அவரே இடுப்பை வளைத்து ஆடினார். மேலாளர்தான் கரண்டை நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் சுற்று வட்டார ஊர்களில் எல்லாருடைய போனிலும் அந்த வீடியோ இருந்தது.

நான் எம்.ஏ.வில் முதல் வகுப்பில் தேறிய வாரமும் அதுதான். திருப்பதி பஸ்ஸில் நைனா முன் சீட்டில் இருந்தார். பக்கத்து ஆளிடம் போனை நீட்டி, “எஞ்சின்னப் பொண்ணு. எப்படித் திட்டறா பாரு,” என்றார். பின் சீட்டில் நான் மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் கெங்கம்மா ஜாத்திரையில் கரி பூசி வேஷம் கட்டியவர்கள் வீடு வீடாக நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டு வாங்கிய வீட்டில் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. விட்டுப்போன வீட்டார்தான் கோபித்துக்கொள்வார்கள். “எங்க வாசல் கண்ணுக்குத் தெரியலியா?” என்று சண்டைக்கே போவார்கள். அந்த வருடம் ஜாத்திரை மேடையில் ஆட தங்கை அனுமதி கேட்டாள். கமிட்டிப் பெரியவர் அவளுடைய பாட்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். “நீ படிச்ச பொண்ணும்மா. போலீசு கேட்டா நாங்க பதில் சொல்லணும். நீ சரின்னா சரி.”

தெலுங்கு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. பள்ளிக்கூடம் எங்களுக்குக் கொடுத்தது அந்த எழுத்தைத்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். நைனாவைத் திட்டியிருந்தாள், அம்மாவைத் திட்டியிருந்தாள், பால்காரரை, கமிட்டிப் பெரியவரை, கம்பெனி பஸ் டிரைவரைக்கூட விடவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடினேன். நான் எங்கேயும் இல்லை.

நோட்டை மூடி, “ரொம்ப ஆபாசமா இருக்கு,” என்றேன். அவர் தலையாட்டினார். அனுமதி இல்லை என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. பீப்பாய்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் ஆடினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் ஏற வந்தவர்களும் ரோட்டிலேயே ஆடினார்கள். ‘சொந்த ஊரே தடை செய்த குழு’ என்ற பெயரோடு அவர்கள் சென்னைக்குப் போனார்கள், பெங்களூருக்குப் போனார்கள், பிறகு விமானமும் ஏறினார்கள். நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் மாணவிகளில் பாதிப் பேரின் போன் அடிக்கும்போது கேட்பது என் தங்கையின் குரல். நான் யாரென்று அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் நான் அவளுடைய அக்காவாக மட்டுமே இருப்பேன்.

போன வருடம் பெங்களூர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் அனுப்பினாள். “சத்தம் ஜாஸ்தியா இருக்கும். அது இருக்குதில்ல, எடுத்துக்கினு வா,” என்றாள். மைதானத்தின் நடுவில் காதை அடைத்துக்கொண்டு நின்றேன். கரி பூசிய முகத்தோடு அவள் கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். உதடுகள் அசைந்தன. நான் ஒரு பக்கத்துப் பஞ்சைப் பிடுங்கினேன்.

“எம்.ஏ. படிச்ச மகராசி, என் நோட்ட மூடுன கையே, தனித் தட்டுல துன்ற ராணி, தட்டு கழுவி எத்தினி நாளாச்சி?”

ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு முகம் கொதித்தது. ஆனால் கால் மூன்று அடிக்கு ஒரு மூச்சாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெண், என் மாணவிகள் வயதுதான் இருக்கும், கண்ணை மூடி, ஒரு வரி பிசகாமல் கூடவே கத்திக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டும் பாட்டு அவளுக்கு மனப்பாடம், எனக்கோ அதுதான் முதல் தடவை. தங்கையை மறந்துவிட்டு அந்தப் பெண் மீது பொறாமைப்பட்டேன். இன்னொரு காதிலிருந்த பஞ்சையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.