ஸ்டெல்லா அக்கா சுட்ட கடலைக் கேக்

ஸ்டெல்லா அக்கா விடிகாலைல தவறிட்டாங்க. மீஞ்சூர்ல, மகள் ஊட்ல... எண்பத்தஞ்சு வயசு இருக்கும்.

எங்க பழைய ஃபேக்டரி வாட்ஸப் குரூப்ல விடிஞ்சதுலேர்ந்து ஒரே கும்புடு கை. ஒரு பெரிய மனுசன் "அவங்க கேக் ருசி இன்னும் நாக்குல நிக்குது"ன்னு போட்டிருக்கார். படிச்சதும் போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

எழுபதுகள்ல கும்மிடிப்பூண்டி பக்கம் எங்க ஃபேக்டரில மெஷின் மாட்ட ஹங்கேரிலேர்ந்து ஒரு இன்ஜினியர் குடும்பத்தோட வந்து ரெண்டு வருஷம் இருந்தார். நான் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். ஸ்டெல்லா அக்காவுக்கு பகல்ல ஃபேக்டரி கக்கூஸ் கழுவற வேலை, சாயங்காலம் அந்த இன்ஜினியர் ஊட்ல வேலை.

அக்கான்னு இப்பதான் எழுதறேன். அப்ப "ஸ்டெல்லா, இங்க வா"ன்னுதான் கூப்டுவேன். என்னை விட பத்து வயசு பெரியவங்க, என்னைய சார்னுவாங்க.

இன்ஜினியர் சம்சாரம், அந்த வெள்ளக்காரம்மா, விருந்து வெச்சா எங்க ஆபீசருங்க போட்டி போட்டுக்கினு போவாங்க. ஜெர்போன்னு ஒரு கேக்... மாவு, ஜாம், வால்நட் தூள், மறுபடி மாவுன்னு அடுக்கடுக்கா, மேல சாக்லேட். தட்ட வழிச்சுத் துன்னுட்டு வருவாங்க.

இன்ஜினியர் குடும்பம் ஊருக்குக் கெளம்பிடுச்சு. அடுத்த டீம் வரப்போவுது, கெஸ்ட் ஹவுசுக்கு சமையல் ஆள் வேணும்னு பேச்சு. அக்காவுக்கு அந்த வேலை மேல உயிரு. இந்த நாத்தத்துல சோறே எறங்கல சார், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கன்னாங்க. அந்த கேக்க செஞ்சு எடுத்துக்கினு வா, ஆபீசருங்க துன்னு பாத்துட்டு வேலை குடுக்கட்டும்னு நான்தான் பெரிய மேதாவியாட்டம் ஐடியா குடுத்தேன்.

ஊருக்கு வெளிய காலனில அவங்க ஊட்ல ஓவன் ஏது? மண்ணெண்ணெ டின்ன வெட்டி, அடில மணல், மூடி மேல கரி நெருப்பு. ஈஸ்டுக்கு பதிலா கள்ளு. வால்நட்டுக்கு பதிலா நம்ம வேர்க்கடலை, வறுத்து தோல் ஊதி சக்கரையோட இடிச்சது. மாம்பழ ஜாம். மொத தடவ அடி கருகிப்போயி, திரும்பவும் செஞ்சாங்களாம்.

ஆபீஸ்ல அந்த ஆபீசருங்க நாலு பேர் முன்னாடி வெச்சேன். ரெண்டாவது துண்டு எடுத்துக்கினு, மெட்ராஸ்ல எந்த பேக்கரிப்பான்னு கேட்டாங்க. நம்ம ஸ்டெல்லா அவ ஊட்ல செஞ்சதுன்னேன்.

ஒருத்தர் எழுந்துபோய் குழாயில வாய் கொப்பளிச்சார். இன்னிக்கு குரூப்ல ருசியப் பத்தி எழுதின அதே ஆளு. த்தூ...

இன்னொருத்தர், இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதில்லையான்னு எம்மேல எரிஞ்சு வுழுந்தார். அக்கா கதவுக்கு வெளிய நின்னுக்கினு இருந்தாங்க. உள்ள வராமயே சொன்னாங்க.

"அந்தம்மா ஊட்ல துன்னீங்களே சார்... அதுவும் நான் பெசைஞ்சதுதான்."

என் கைலயும் பாதி கடிச்ச துண்டு இருந்துச்சு. மத்தவங்க மூஞ்சியப் பாத்துட்டு மெதுவா தட்டுல வெச்சுட்டேன். அக்கா அதையும் பாத்தாங்க.

மத்தவங்களச் சொல்லி இன்னா... என்னை நெனச்சாதான் எனக்கு ரொம்ப அருவருப்பா இருக்கு.

வேலை வேற ஆளுக்குப் போச்சு. அக்கா ரிட்டையர் ஆகறவரைக்கும் அதே கக்கூஸ்தான். என்னைப் பாக்கறப்பல்லாம் "வணக்கம் சார்"னுவாங்க. நாலு அறை வுட்டிருந்தா தேவலை.

மீஞ்சூர் டிரெய்ன்ல உக்காந்துக்கினுதான் இத எழுதறேன். அவங்க ஊட்டுக்கு இத்தன வருஷத்துல ஒருவாட்டி கூட போனதில்ல. மன்னிச்சிடுங்கன்னு சொல்ல இன்னிக்குத்தான் கெளம்பியிருக்கேன்... கேக்க அவங்க இல்ல.

போய்ட்டு வாங்க, ஸ்டெல்லாக்கா.