மாமா புடிச்ச கொடுவா

2010. எனக்குக் கல்யாணமான புதிது. அண்ணாமலை நகரில் வேலை, கடலூரில் மாமனார் வீடு. ஒரு ஞாயிறு காலை, மனைவியின் தம்பி சேகர் துறைமுகத்துப் பாறைகளுக்குத் தூண்டில் போட அழைத்துப்போனான்.

"தூண்டில் நரம்ப கையில மட்டும் சுத்திக்காதீங்க மாமா. பெரிய மீனு இழுத்தா வுட்டுடணும்," என்றான்.

எனக்கு வீறாப்பு ஜாஸ்தி. கொடுவா மீனோடுதான் வருவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் நரம்பை மணிக்கட்டில் நாலு சுற்று சுற்றிக்கொண்டேன்.

திடீரென்று ஓர் இழுப்பு. பாசியில் கால் வழுக்கி, பாறை விளிம்புக்கே போய்விட்டேன். சேகர் பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இரைக்கு இறால் நறுக்கும் கத்தியால் நரம்பை அறுத்தான். மீன் போய்விட்டது. மணிக்கட்டைச் சுற்றி ரத்தம்.

அவன் திட்டவில்லை. "அக்காவுக்கு நான் என்னா மாமா பதில் சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டான்.

திரும்பும் வழியில் ஒரு கொடுவா வாங்கினான். வீட்டு வாசலிலேயே, "அக்கா, மாமா புடிச்சது!" என்று நீட்டினான்.

அந்த மீனின் ருசியை அவள் இன்றும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள். "இம்மாம் பெருசு!" என்று சேகர் கையை விரித்துக் காட்டுவான். நான் சட்டைக் கையைத் தழும்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வேன்.