முன்சில்லு புதிது, பின்சில்லு பிளேடு

சைக்கிள் கடைக்குச் சில்லை, அதாவது சக்கரத்தை, தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தீர்ப்புக் கேட்டு வருவதில்லை. விடுதலை கேட்டுத்தான் வருகிறார்கள். முள்ளியவளையில் கடை வைத்திருக்கும் எனக்கும், சைக்கிள் வைத்திருந்து பாடுபடும் உங்களுக்கும் இது புதிதல்ல. ஜெசிந்தாவின் சில்லுச் சோடியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரம் என்றால் என்ன

ஜெசிந்தா கரையோரத்துப் பிள்ளை. பிரான்சிலிருந்து மாமா அனுப்பிய ரேஸ் சைக்கிளில் சில வருடங்களாக ஓடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் வரை போய்த் திரும்பும் பந்தயம். போனமுறை இரண்டாவதாக வந்தவள். இம்முறை முதலாவதாக வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். சில்லுகள் தாங்குமா என்று பார்க்கத் தகப்பனோடு வந்தாள்.

இவ்வகைச் சில்லுகளின் கையேட்டை ஆறுதலாக வாசிக்கும் வியாதி எனக்கு உண்டு. பாரம் ஏற்றக்கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கும். சைக்கிளிலோ கரியர் பூட்டிய தழும்பு. விசாரித்தேன். தகப்பன் அந்தோனி அண்ணை முந்திக்கொண்டார்: "பாரம் ஒண்டும் ஏத்தேல்லைத் தம்பி. மீன்பெட்டி மட்டுந்தான்."

சஞ்சிகைக்காரரின் குறை

சில்லைச் சுழற்றினேன். உப்புக் காற்றில் ஊறியும் பெயரிங் சத்தம் போடவில்லை. கம்பிகள் விறைப்பாக இருந்தன. நெளிவும் இல்லை. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் ஒரு சில்லைப் பல மாதம் ஓட்டிப் பார்த்து, அது காற்றைக் கிழிக்கும் அழகைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஐஸ் வழியும் பெட்டியை ஒருவரும் கட்டிப் பார்ப்பதில்லை என்றேன்.

அந்தோனி அண்ணை தலையாட்டினார். "அப்ப அவங்கள் சில்லைச் சோதிக்கேல்லை. காத்தைத்தான் சோதிச்சிருக்கிறாங்கள்."

விரல் சொன்னது

பிறகுதான் ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓடவிட்டேன். பின்சில்லில் பிரேக் கட்டை உரசும் இடம் குழிந்து, பிளேடுபோல் மெலிந்திருந்தது. கிரவல் மண்ணும் கட்டையும் சேர்ந்து அரைத்த அரைப்பு. பந்தயத்துக்குக் காற்றை இறுக்கினால் நடுவழியில் பிளந்துவிடும். முன்சில்லோ நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் மினுங்கியது.

முன் பிரேக் பிடிப்பதில்லையா என்று கேட்டேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. சைக்கிளை நிறுத்தும் பலம் முன்சில்லிலேயே அதிகம் என்று விளக்கத் தொடங்கினேன். விளக்கம் நீண்டது.

"அண்ணை, பாடத்தைப் பிறகு கேக்கிறன்," என்றாள் ஜெசிந்தா. "ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வழி?"

வழி

இரண்டு ரிம்மிலும் கம்பித் துளைகள் ஒரே எண்ணிக்கை. மெலிந்த பின் ரிம்மை மூலையில் போட்டுவிட்டு, தேயாத முன் ரிம்மைக் கழற்றி, புதுக் கம்பி போட்டுப் பின்சில்லாகக் கோத்தேன். முன்னுக்குக் கடையில் கிடந்த சாதாரண ரிம். முன் பிரேக்கையும் சரிசெய்து, அதைப் பிடித்துப் பழகினால்தான் சைக்கிளைப் பந்தயத்துக்குத் தருவேன் என்றேன். மறுநாள் பின்னேரம் முழுக்கக் குளக்கட்டில் பழகினாள். தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் திருப்பத்தில் மற்றவர்கள் பின் பிரேக்கை மட்டும் இறுக்கி, சறுக்கி, வீதியோரம் வரை போனார்கள். அவள் இரண்டையும் பிடித்து, சிக்கனமாகத் திரும்பி முன்னுக்கு வந்தாள். பிறகு அவளை ஒருவரும் எட்டவில்லை. அந்தோனி அண்ணை என் தோளில் தட்டினார்: "பாத்தீரே தம்பி, மீன்பெட்டி சுமந்த சில்லு தோக்காது."

நீண்டகாலம் ஓடிய சில்லை மதிப்பிட எனக்கு ஒரு விரல் போதும். அது ஏன் வென்றது என்று மதிப்பிடும் பொறுப்பைத் தகப்பன்மாரிடமே விட்டுவிட்டேன்.