வரிசையில் முதலில் நின்ற ஃபைல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நம் பென் டிரைவை நாமே செருகி பிரிண்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை.

எனக்குப் பின்னால் கொடுத்தவர்களுக்கும் வரவில்லை. தாலுகா ஆபீஸ் மூடப் போகிறது என்று எல்லோருக்கும் டென்ஷன்.

"நீங்க கம்ப்யூட்டர் வேலைதான, பாருங்க சார்" என்று கடைக்கார அக்கா தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

"எவன் அடைச்சிக்கினு இருக்கான்னு இப்பத் தெரிஞ்சிடும்" என்றேன். காத்திருக்கும் ஃபைல்களை வரிசையாகக் காட்ட ஒரு குட்டி புரோகிராம் எழுதி ஓட்டினேன்.

முதல் வரி: வீட்டு பிளான். கடையில் இல்லாத பெரிய சைஸ் பேப்பருக்காக நிற்கிறது.

என்னுடையது.

பிரிண்டுக்காகக் காத்திருந்த தளவானூர்க்காரர் ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "யாருப்பா அது, வீடு கட்றவன்?"

"போயிட்டாரு போல" என்று அதை அழித்தேன். பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "உங்க ஃபைலு பேரு இன்னா சார்? மொதல்ல அத எடுத்துக்கலாம்."

"பஸ் வந்துடுச்சுக்கா" என்று வெளியே ஓடிவந்துவிட்டேன்.

தொண்டூர் பஸ் இன்னும் வரவில்லை. கடைக்கு நேர் எதிரே நின்றுதான் இதை எழுதுகிறேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செஞ்சியில் பெரிய சைஸ் பிரிண்ட் எடுக்க வேறு கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.