அம்மாவுக்குக் கட்டிய மாலை

அம்மா ஓய்வுபெற்ற அன்று அவளுக்குக் கட்டிய மாலை ஒரு பின்லாந்துக்காரியின் கழுத்தில் விழுந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் வேலையிலிருந்து நிற்கும் நாளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே கூட்டாளிப் பெண்கள் அவளுக்கு மாலை போட்டு, லயத்து வீடு வரை கூட்டிப் போய் விடுவார்கள். தோட்டத்து நிர்வாகம் ஒரு பூவைக்கூடத் தராது. அம்மா எத்தனையோ பேருக்குச் செவ்வந்தி கட்டிக் கொடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கழுத்தில் மாலை ஏறியதில்லை. அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

நான் பழைய துரை பங்களாவில் அறை சுத்தம் செய்கிறேன். இப்போது அது ஹோட்டல். ஐஸ் தரையில் சறுக்கி ஆடிப் பெயர் வாங்கி ரிட்டயர் ஆன ஒருவர் அன்று வருவதாகச் சொன்னார்கள். ரிட்டயர் என்றதும் அம்மா வயதில் யாரோ என்று நினைத்துவிட்டோம். மடுவத்தில் அவருக்கு வரவேற்பு. நான் தேநீர்த் தட்டோடு போனபோது கங்காணி அவசரமாக வந்தார்.

"அந்த மாலையக் குடுங்க. தொர கேக்குறாரு. நோர்வூட் டவுனுக்குப் போயி வாங்க நேரமில்ல. உங்களுக்கு வேற கட்டிக்கலாம்."

"வேற பூவுக்கு எங்கங்க போறது?" என்றாள் ஒருத்தி.

"குடுத்துருங்கடி. வர்ற புள்ள வெறுங்கழுத்தோட நிக்கக் கூடாது" என்றாள் அம்மா.

வேனிலிருந்து குதித்தவள் என் வயதுக்காரி. மூத்தவள் என்பதால் அம்மாவையே மாலை போட வைத்தார்கள். வந்தவள் குனிந்து வாங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். அவள்மீது கோபப்படவும் முடியாததுதான் கூடுதல் எரிச்சல்.

அன்று சாயங்காலம் அம்மாவை வெறுங்கழுத்தோடு லயத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

பங்களாவில் வேறு கூத்து. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பின்லாந்துத் தம்பதி அந்தப் பெண்ணைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டி போய் ஆட்டத்தை விட்டுப் பல வருடமாகியும் அவள் ஊரில் பால் பெட்டியில்கூட அவள் முகம்தானாம், அவளோடு வந்த வழிகாட்டி சொன்னார். போனில் தேடிப் பார்த்தேன். ஒற்றைக் காலில் சுழன்று நிற்கிறாள். நாலா பக்கமிருந்தும் பூவும் பொம்மையும் வந்து விழுகின்றன. பொறுக்குவதற்கென்றே சின்னப் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். அத்தனை பூ வாங்கியவளுக்கு எங்கள் செவ்வந்தியும் வேண்டியிருந்ததா?

அம்மாவுக்கும் முட்டி போய்விட்டது. மலை ஏறி ஏறிப் போனது. இருந்தும் அடுத்த வாரமே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அன்றன்றைக்குத் தரும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். என் சம்பளத்தில் மட்டும் அடுப்பு எரியாது.

அன்று காலையில் அவளைப் பார்த்துக் கங்காணி சொன்னாராம்: "மாலைய அந்தம்மாவுக்குக் குடுத்தது நல்லதாப் போச்சு. நீதான் திரும்பி வந்துட்டியே."

மலையே சிரித்ததாம். அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று கத்தினேன்.

"என்னாத்தச் சொல்றது?" என்றாள். "சரியாத்தானே சொன்னாரு."