சுடுதண்ணீர் கேட்ட பிள்ளைகள்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு பாரிஸ் புறநகரான செவ்ரானில் ரயில் ஏறினேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டேதான் வந்தேன். பாரிஸ் ரயிலில் யாரையும் நம்பாதே என்று நான் தங்கியிருந்த வீட்டுத் தோழி எச்சரித்திருந்தாள். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை, என் சுபாவமே அதுதான். அரைமணிக்குள் கார் து நோர் ரயில் நிலையம். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ரூ காய் என்ற தெரு. தோழியின் தம்பி குணத்தின் சாப்பாட்டுக் கடை அங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டேகாலுக்கு நான்கு சீனப் பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்து லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், படிப்பவர்கள், பதினாறு வயதிருக்கும். கொத்துரொட்டி கேட்டார்கள், எட்டு யூரோ. கூடவே ஒரு ஜக் சுடுதண்ணீர். அதை ஊற்றிக் காலித் தட்டுகளையும் கரண்டிகளையும் அலசினார்கள். ஒருத்தி படம் எடுத்தாள்.

“பாத்தீங்களே அக்கா, எப்ப வந்தாலும் உதுதான். என்ர கோப்பை ஊத்தையாம்.”

தட்டைத்தான் குணம் கோப்பை என்றார். அந்தப் படம் எங்காவது வெளியானால் கடைக்கு ஆள் வராது என்பது அவர் பயம்.

“கேட்டுடுங்க. இதுல ஏதோ இருக்கு,” என்று நானும் தூபம் போட்டேன்.

“ஓம், இனி இஞ்சை வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன்.”

பிரெஞ்சில் கேட்டார். படம் எடுத்த பெண் திகைத்துப்போனாள். அவள் சொன்னதைக் குணம் எனக்குத் தமிழில் சொன்னார். அலசாமல் சாப்பிட அவள் அம்மா விடமாட்டாராம், எந்தக் கடையானாலும் அப்படித்தானாம். சீனக் கடைகளுக்குப் போனால் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். காரமும் பொரியலும் உடம்புக்குச் சூடு, முகத்தில் பரு வரும் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார்களாம். அதனால்தான் இங்கே வருகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சூடு, பரு என்று நானும் வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். பக்கத்துப் பெண் அவள் முழங்கையை இடித்தாள். இதை மட்டும் குணம் தமிழில் சொல்லவில்லை.

“என்னவாம்?”

“என்ர மகளும் இவையோடதான் படிக்கிறாள். வெள்ளிக்கிழமையில அவளுக்கு இந்தப் பிள்ளையின்ர தகப்பன்ர கடையிலதான் சாப்பாடாம். வாத்து.”

குணத்தின் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூடக் கிடையாது. அன்று மகளுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக் கொடுப்பவர் அவரேதான்.

“அப்ப புட்டை ஆர் சாப்பிடுறது?” என்றார்.

பிறகு அவரே போய், அந்த மேசையில் இன்னொரு ஜக் சுடுதண்ணீர் வைத்துவிட்டு வந்தார்.

செவ்ரானுக்குத் திரும்பும் ரயிலில் பையைப் பற்றிய நினைவே எனக்கு இல்லை. மதுரையில் என் மகனுக்கு நான்தான் தயிர்சாதம் கட்டி அனுப்புகிறேன். டப்பா தினமும் காலியாகத்தான் வீடு திரும்புகிறது. இதுவரை அது எனக்கு நிம்மதியாக இருந்தது.