ராமாமணியக்காவுக்கு விழுந்த ஓட்டு

எங்கள் லைன் வீட்டில் ஒன்பதாம் நம்பர் ராமாமணியக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அந்த ஒத்தை ஓட்டு அம்மாவா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அக்கா மில்லில் இருபத்தாறு வருஷம் நூல் சுற்றியவர். வீட்டுக்காரர் நரசிம்மலு மாரடைப்பில் போன அதே வருஷம் மில்லையும் மூடிவிட்டார்கள். ஒரே மகன் சூரத்தில் இருக்கிறான். தீபாவளிக்கு ஒரு கடுதாசி போடுவான், அதோடு சரி. கணபதி என்கிற எங்கள் பேட்டையில், பன்னிரண்டு வீடு இருக்கிற இந்த லைனில் அக்கா வீட்டுக்கு மட்டும் யாரும் போகமாட்டோம். பகை எல்லாம் கிடையாது. போனால் பேச்சை நிறுத்தமாட்டார், லேசில் விடவும் மாட்டார். எனக்கோ ஷிப்ட் முடிந்து வந்தால் எவன் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. குழாயடியில் "சாப்டீங்களாக்கா" என்று கேட்பேன். பதில் வருவதற்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன்.

தொண்ணூற்றாறில், பத்து வருஷமாக நடக்காமல் கிடந்த கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. மேயருக்கு ஒரு ஓட்டுச் சீட்டு, கவுன்சிலருக்கு ஒரு ஓட்டுச் சீட்டு. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தானே நிற்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்த கிரைண்டர் கம்பெனி முதலாளி சென்னகேசவன், வேறு வழியில்லாமல் சம்சாரம் புவனாவை நிறுத்தினார். லைனில் பாதிப் பேருக்கு அவர் கம்பெனியில்தான் சோறு. எனக்கும்தான்.

புவனாவின் வேட்புமனுவில் ஏதாவது தப்பு வந்து தள்ளுபடியாகிவிட்டால்? அதற்காக டம்மியாக ஒரு பெண் சுயேச்சையாக மனுப் போட வேண்டும், பிறகு சொன்ன நாளில் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் கேள்வி கேட்க ஆள் இல்லாதவராகப் பார்த்து ராமாமணியக்காவைப் பிடித்தார்கள்.

அடேயப்பா, அந்த ஒரு வாரம்! அக்கா வாசலில் செருப்பு விட இடமில்லை. கையெழுத்துக்கு ஒருவர், ரேஷன் கார்டுக்கு ஒருவர், சும்மா வந்தவர் நான்கு பேர். காப்பி கொடுக்க எங்கள் வீட்டு டம்ளர்களைத்தான் அக்கா இரவல் வாங்கிப் போனார். சென்னகேசவனே வந்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். "என் ஓட்டு புவனாவுக்கே" என்று அக்கா அடித்தார். வாபஸ் வாங்குவதற்குச் சத்தியம் கேட்க வேண்டும் என்று சென்னகேசவனுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு விவரமான மனுஷன் கோட்டை விட்டது அங்கேதான்.

புவனாவின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வாபஸுக்குக் கடைசி நாள் அக்காவைக் கூட்டிப்போகக் கார் வந்தது. வீடு பூட்டியிருந்தது. மூன்று மணியோடு கெடு முடிந்தது. நான்கு மணிக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாராம். பையில் ஒரு டஜன் புது எவர்சில்வர் டம்ளர்.

"ஏனுங்கம்மா, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே?" என்றார் சென்னகேசவன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "வாபஸ் வாங்கிப்போட்டா அப்புறம் ஆருங்க எங்கூட்டுக்கு வருவாங்க?"

மறுநாள் கம்பெனியில் மேஸ்திரி, மரியாதை துளியும் குறையாமல், ஒன்பதாம் நம்பர் வாசலை மிதிக்கிறவர்கள் அப்படியே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமுங்க என்று சொன்னார். பிறகு எவன் போவான்?

அக்காவுக்கு இஸ்திரிப் பெட்டி சின்னம் கிடைத்தது. நோட்டீஸ் இல்லை, மைக் இல்லை. தினமும் சாயங்காலம் தலை வாரி, நல்ல சேலை கட்டி, அரை லிட்டர் பால் காய்ச்சி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். புவனாவின் ஊர்வலம் எட்டாம் நம்பரில் கும்பிட்டுவிட்டு நேரே பத்தாம் நம்பருக்குப் போனது. ஒருநாள், "ஆறுச்சாமி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். காது கேட்காதவன் மாதிரி போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஓட்டுப் போடும் மறைவுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. இஸ்திரிப் பெட்டி சீட்டின் கடைசியில் இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தேன். புவனாவுக்கே குத்திவிட்டு வந்தேன்.

புவனா இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ராமாமணிக்கு ஒன்று. கம்பெனியில் லட்டு தின்றுகொண்டே, கிழவி தனக்குத்தானே குத்திக்கிச்சு என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா தூக்குப்போசியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அரிசிம்பருப்புச் சோறு, இன்னும் சூடாக இருந்தது.

"அந்த ஒரு ஓட்டு உன்னுதுதானே கண்ணு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்கக்கா, நீங்க உங்களுக்குப் போட்டுக்கலீங்களா?"

"அதெப்புடி? கற்பூரம் அடிச்சுப்போட்டனல்ல. புவனாளுக்குத்தான் குத்துனேன்." போசியைப் படியில் வைத்தார். "எண்ணி முடிக்கற வரைக்கும் பச்சைத் தண்ணி எறங்கலை. சைபருன்னு வந்துருமோன்னு பயந்து கெடந்தேன். ஒருத்தரு நம்மளை நெனைச்சாங்கன்னா போதும் கண்ணு. வேற என்ன வேணும்?"

திரும்பி என் சம்சாரத்தைப் பார்த்தேன். தான் போடவில்லை என்று தலையை ஆட்டினாள். யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருக்கிறான். யார் என்று எனக்கும் தெரியாது. நான் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்குக் காப்பிக்கு வரச் சொன்னார்.

போனேன். மேஸ்திரி எதிர்வீட்டில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தால் பார்க்கட்டும். அக்கா வீட்டு அலமாரியில் பன்னிரண்டு டம்ளரும் கடைச் சீட்டு ஒட்டியபடியே கவிழ்ந்திருந்தன. ஒன்றை எடுத்து, நகத்தால் சீட்டைச் சுரண்டி, கழுவி, காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். லேசில் விடமாட்டார் என்று சொன்னேனே, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளர் காலியானதும் கேட்டார். "இன்னொண்ணு ஊத்தட்டுமா கண்ணு?"

"ஊத்துங்கக்கா" என்றேன்.